நாகார்ஜுன சாகரம்: கைகள் எழுப்பிய அணை

பெரும்பணி ஒன்றை முடிப்பதற்கு வழிகள் இரண்டு. மூலதனத்தை மிகுதியாக இட்டு இயந்திரங்களைக் கொண்டு முடிப்பது ஒன்று. ஆட்களைப் பெருக்கி அவர்தம் உழைப்பைக் கொண்டு முடிப்பது மற்றொன்று. விடுதலை பெற்ற இந்தியா இவ்விரு வழிகளையும் ஒரே காலத்தில் மேற்கொண்டது. 1955ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் பக்ரா அணையின் கான்கிரீட் வேலையைத் தொடங்கி வைத்த பிரதமர் நேரு, டிசம்பர் 10ஆம் நாள் கிருஷ்ணா நதியின்மேல் நாகார்ஜுன சாகர் அணைக்கு அடிக்கல் நாட்டினார்.

சட்லெஜ் நதியின் குறுகிய மலையிடுக்கில் 226 மீட்டர் உயரத்திற்கு எழுந்தது பக்ரா. அயல்நாட்டு இயந்திரங்களும் ஹார்வி ஸ்லோகம் என்ற அமெரிக்கப் பொறியாளரின் அனுபவமும் அங்கே துணை நின்றன. நாகார்ஜுன சாகரத்திலோ, 124 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமும் ஏறத்தாழ 1,450 மீட்டர் நீளமும் உள்ள நடு அணை முழுவதும் கல்லும் சாந்தும் கொண்டே கட்டப்பட்டது.

இதற்குக் காரணங்கள் தெளிவானவை. அந்நாளில் சிமெண்டு அரிதாக இருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய மறு ஆண்டே, 1957இல், அந்நியச் செலாவணி நெருக்கடி நாட்டைச் சூழ்ந்தது. ஆனால் கருங்கல் அருகிலேயே கிடைத்தது; வேலை தேடிய கைகளுக்கும் குறைவில்லை. கல்கட்டில் சாந்தின் அளவு குறைவு. ஆகவே சிமெண்டும் குறைவாகவே செலவாகும். இயந்திரத்திற்காக வெளிநாடு செல்ல வேண்டிய பணத்தின் ஒரு பகுதி, உள்நாட்டு உழைப்பாளியின் கூலியாயிற்று.

அணையின் முகத்தில் மரச்சாரங்கள் அடுக்கடுக்காக உயர்ந்தன. சும்மாடு கூட்டிய தலைகளில் கல்லையும் சாந்தையும் சுமந்து, ஆண்களும் பெண்களும் சாரப்பாதைகளில் வரிசையாக ஏறினர். கொத்தர்கள் கல்லைப் பொருத்தினர். பல்லாயிரவர் ஆண்டுக்கணக்கில் இவ்வாறு பாடுபட்டதன் பயனாக, 1967ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி கால்வாய்களில் நீரைத் திறந்துவிட்டார்.

இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. தக்காணத்தின் அணை வேலைகளுக்குப் பெயர்போன உழைப்பாளர் பாலமூர் என வழங்கும் மகபூப்நகர்ப் பகுதியினர். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் சென்று, கடனைக் கழிக்கவே உழைத்தவர் அவர்களுள் பலர். கிருஷ்ணா அவர்களுடைய அன்றைய மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டுதான் கீழே வந்தது. எனினும் நாகார்ஜுன சாகரத்தின் கால்வாய்கள் பாய்ந்தது நல்கொண்டா, குண்டூர் முதலிய பிற பகுதிகளுக்கே. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலும், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்க்கான சட்டம் 1979இலும் வந்தன. அணையில் நீர் நிறைந்தபின் வந்த சட்டங்கள் அவை.

மூலதனம் குறைந்த நாடு உழைப்பை நம்பியது பிழையன்று, அறிவுடைமையே ஆகும். ஆனால், உழைப்பு நிறைந்திருக்கிறது என்பது வேறு, உழைப்பு மலிவானது என்பது வேறு. இயந்திரத்தை வாங்கினால் அதன் விலையையும் பராமரிப்பையும் ஏட்டில் எழுதுகிறோம். மனிதரைக் கொண்டு கட்டும்போது அவருடைய உறைவிடம், பாதுகாப்பு, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றையும் அவ்வாறே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்ட செலவு மறைந்துவிடவில்லை. பாலமூரின் குடிசைகளே அதைச் சுமந்தன.