மடியிற் கனமும் வழியிற் பயமும்: அந்தரங்க உரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மடியிற் கனமிருந்தாலன்றோ வழியிற் பயம் என்பது தமிழ் வழக்கிலே நெடுங்காலமாகப் பயின்றுவரும் பழமொழி. கைத்தொலைபேசியிற் புதிய செயலியொன்றைச் சேர்க்கும்போதும், கணனி விளையாட்டொன்றிற் புகுவதற்காகப் பெயர், பிறந்த திகதி, இருப்பிடம் ஆகியவற்றைக் கொடுக்கும்போதும் சாதாரண மக்கள் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் சமாதானம் பெரும்பாலும் இப்பழமொழியின் மறுபதிப்பாகவே அமைகின்றது. மறைப்பதற்கு எதுவுமில்லாதவர் எதைக் கொடுத்தாலென்ன என்பதே அதன் சாரம். இதனை அறியாமையென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. கள்வர் பயம் நிலவிய சாலைகளில் வெறும் மடியோடு சென்றவன் அச்சமின்றியே சென்றான். அவ்வகையில் இது அனுபவத்தின்பாற் பட்ட கூற்றாகும். எனினும் இப்பழமொழி, சொல்லாமலே ஒன்றை உண்மையெனக் கொண்டுவிடுகின்றது. மடியிலிருப்பது கனமா, அன்றா என்பதை மடிக்குரியவனே அறிவான் என்பதுதான் அது. பட்டியல்களின் வரலாறு இவ்வெடுகோளை ஆதரிப்பதாக இல்லை.

குடிகளை எண்ணுதலும் பெயரிட்டுப் பதிதலும் ஆட்சியின் தொன்மையான கருமங்களாகும். இலங்கையிற் போர்த்துக்கேயர் தொடக்கிவைத்து ஒல்லாந்தர் விரிவுபடுத்திய தோம்புகளும், 1871இல் பிரித்தானியர் நடத்திய குடிசன மதிப்பும் இவ்வகையின. ஆயினும் கையால் எழுதிய ஏடுகளிலே குறித்த ஒருவரைத் தேடியெடுப்பதற்குச் செலவாகும் உழைப்பே அவருக்கு ஒருவகைக் காப்பாக இருந்தது. ஏட்டின் பாரம் குடிமகனைக் காத்தது எனலாம். இக்காப்பு உடையத் தொடங்கிய ஆண்டு 1890 ஆகும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1880ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் விபரங்களைத் தொகுத்து முடிப்பதற்கு ஏறத்தாழ ஏழாண்டுகளுக்கு மேற் சென்றிருந்தன. அடுத்த மதிப்பின்போது ஹேர்மன் ஹொலரித் என்பவர் அமைத்த மின்விசைப் பொறி பயன்படுத்தப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. வயது, பால், பிறப்பிடம் முதலியவற்றைக் குறிக்க அட்டையில் உரிய இடங்களிலே துளை. துளைகளினூடாக மின்னோட்டம் செல்லும்போது எண்ணிக்கை தானே பதிவாகும். ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் இவ்வாறு எண்ணப்பட்டனர். அட்டைகளை எண்ணுவதோடன்றி, குறித்த இயல்புடையோரின் அட்டைகளை மாத்திரம் வேறாக்குவதற்கும் இம்முறை வழிதிறந்தது. ஹொலரித்தின் நிறுவனமே பின்னர் வேறு நிறுவனங்களுடன் இணைந்து, 1924இல் ஐ.பி.எம். எனப் பெயர் பெற்றது.

அதே 1890ஆம் ஆண்டு டிசெம்பர் 15ஆம் திகதி வெளியான ஹாவார்ட் சட்ட இதழிலே, சாமுவேல் வோரன், லூயிஸ் பிராண்டைஸ் என்னும் இரு சட்டத்தரணிகள் அந்தரங்க உரிமை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினர். அவர்களின் சினம் முழுவதும் வம்பளக்கும் செய்தித்தாள்களின்மீதும் கணப்பொழுதிற் படம்பிடிக்கும் கருவிகளின்மீதுமே பாய்ந்தது. ஈஸ்ட்மனின் கொடாக் கமரா சந்தைக்கு வந்து அப்போது இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. துளையட்டையை அவர்கள் பொருட்படுத்தவில்லை. இதிற் குறைகாண்பதற்கில்லை. கண்முன்னே நீட்டப்படும் கமரா மனிதருக்கு உறுத்துகின்றது. அலுவலகப் பெட்டியிற் கிடக்கும் அட்டை உறுத்துவதில்லை. இன்றும் பொதுமக்களின் கருத்து இவ்வழியிலேயே செல்வது அவதானிக்கத்தக்கது.

ஜேர்மனியில் ஹொலரித் பொறிகளை வழங்கிய டெகோமாக் நிறுவனம் ஐ.பி.எம்.மின் கிளையாகும். நாசி ஆட்சியின் கீழ் 1933இலும் 1939இலும் நடந்த குடிசன மதிப்புகளில் இப்பொறிகள் பயன்பட்டன. 1939 மே 17ஆம் திகதிய மதிப்பிலே, பாட்டன் பாட்டியர் நால்வரும் யூத இனத்தவரா என வினவும் மேலதிக அட்டையொன்றும் சேர்க்கப்பட்டது. அவ்வட்டையை மூடிய உறையிலிட்டுக் கையளிக்குமாறு மக்கள் கேட்கப்பட்டனர். அந்தரங்கத்துக்குக் காட்டப்பட்ட மரியாதை அவ்வளவே. இவ்வட்டைகள் நாடுகடத்தலுக்கு நேரடியாக எவ்வளவு உதவின என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமித்த கருத்தினரல்லர்; பொலிசாரின் பதிவேடுகளும் சமயச் சங்கங்களின் பெயர்ப்பட்டியல்களும் பெரும்பங்கு வகித்தன என்போருமுளர்.

ஒல்லாந்தின் நிலை இதனிலும் தெளிவான பாடத்தைத் தருவது. ஒல்லாந்தர் போருக்கு முன்னரே ஐரோப்பாவிற் சிறந்தனவற்றுள் ஒன்றாகிய குடிப்பதிவு முறையை அமைத்திருந்தனர். ஒவ்வொருவருக்கும் தனியட்டை இருந்தது. அதிற் சமயமும் குறிக்கப்பட்டது. அதனைத் தொகுத்தோரிடம் தீய நோக்கம் எதுவும் இருந்ததாகக் கூறுவதற்கில்லை; அது செம்மையான நிருவாகத்தின் பெருமையாகவே கருதப்பட்டது. தமது சமயத்தைச் சொல்வதற்கு அன்றைய யூதர் ஏன் தயங்கவேண்டும்? அவர்கள் மடியில் எக்கனமும் இருக்கவில்லை. 1940 மே மாதத்தில் ஜேர்மன் படை நாட்டைக் கைப்பற்றியபோது மடியிலிருந்தது ஒருநாளிற் கனமாயிற்று. எதிர்ப்பியக்கத்தினர் போலி அடையாள அட்டைகளை ஆக்கி மக்களை மறைத்தனராயினும், ஐயம் எழுந்தவிடத்து மூலப்பதிவோடு ஒப்பிட்டதும் பொய் வெளிப்பட்டது. எனவே மூலப்பதிவையே அழிப்பதென முடிவாயிற்று. 1943 மார்ச் 27ஆம் திகதி இரவு, ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரொண்டேயுஸ், சிற்பி கெரிட் வான் டெர் வேன் முதலியோர் அடங்கிய குழுவொன்று பொலிஸ் உடையணிந்து அம்ஸ்டர்டாம் நகரின் குடிப்பதிவு அலுவலகத்துட் புகுந்தது. காவலரைக் கொல்லாது மயக்கமருந்து கொடுத்து வெளியே கிடத்தியபின், பெட்டிகளைக் கவிழ்த்து அட்டைகளைக் குவித்து வெடிவைத்தனர். இலட்சக்கணக்கான அட்டைகளுள் எரிந்தவை ஒரு சிறு பங்கே. குழுவினருட் பலர் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டனர். அரொண்டேயுஸ் உட்படப் பன்னிருவர் அவ்வாண்டு யூலை முதலாந் திகதி சுட்டுக்கொல்லப்பட்டனர். ஒல்லாந்தில் வாழ்ந்த ஏறத்தாழ 140,000 யூதருள் நான்கில் மூன்று பங்கினர் போர் முடிவில் உயிரோடில்லை. இதற்குக் காரணங்கள் பல. அட்டை மாத்திரமே காரணமென்பது மிகையாகும். ஆயினும் கவிஞரும் கலைஞரும் படைமுகாமையோ புகைவண்டிப் பாதையையோ விட்டு ஓர் எழுதுவினைஞர் அலுவலகத்தைத் தாக்கத் துணிந்தனர் என்பதே அட்டையின் வலிமைக்குப் போதிய சான்றாகும்.

இந்நினைவுகள் மங்காத மேற்கு ஜேர்மனியிலேதான் அந்தரங்கம் பற்றிய நவீன சட்டம் உருவாகியது என்பது தற்செயலன்று. ஹெஸ்ஸன் மாநிலம் 1970இல் உலகின் முதலாவது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. சுவீடன் 1973இல் தேசிய மட்டத்திற் சட்டம் கண்டது. இவை பெரும்பாலும் நிபுணரின் முயற்சிகளே. சாதாரண மக்கள் இவ்விடயத்தில் வாய்திறந்தது 1983இலாகும். அவ்வாண்டு ஏப்பிரல் 27ஆம் திகதி குடிசன மதிப்பு நடைபெறவிருந்தது. அதற்குரிய சட்டம் பாராளுமன்றத்திலே எதிர்ப்பின்றி நிறைவேறியிருந்தது. கட்சிகள் அனைத்தும் உடன்பட்டதொன்றை மக்கள் உடன்படாமைதான் இங்கு வியப்புக்குரியது. நாடெங்கும் நூற்றுக்கணக்கான பகிஷ்கரிப்புக் குழுக்கள் தோன்றின. மாணவர், ஆசிரியர், இல்லத்தரசியர், ஓய்வூதியர் எனப் பலதிறத்தோரும் வினாக்கொத்தை நிரப்ப மறுப்பதாக அறிவித்தனர். வினாக்கள் கொடியனவாக இருந்தன என்பதற்கில்லை. தொழில், வசிப்பிடம், வேலைக்குச் செல்லும் வழி போன்றனவே கேட்கப்பட்டன. புள்ளிவிபரத்துக்கெனப் பெறும் விடைகளை உள்ளூர் நிருவாகம் தனது வதிவிடப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுத் திருத்தலாம் எனச் சட்டம் அனுமதித்தமையே மக்களை உறுத்தியது. ஒன்றுக்கெனக் கொடுத்தது வேறொன்றுக்காவதை அவர்கள் ஏற்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் கால்ஸ்ரூஹே நகரிலுள்ள அரசியல் யாப்பு நீதிமன்றத்தை அடைந்தன. ஏப்பிரல் 13இல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. டிசெம்பர் 15இல் இறுதித் தீர்ப்பு வந்தது. வோரன், பிராண்டைஸ் கட்டுரை வெளியாகிச் சரியாக 93 ஆண்டுகள் கழிந்த அதே நாள்.

தீர்ப்பின் நடுநாயகமாகிய எண்ணக்கரு தகவற் சுயநிர்ணய உரிமை என்பதாகும். சுயநிர்ணயம் என்ற சொல்லை வேறொரு பொருளிலே பழகிய ஈழத்துத் தமிழ் வாசகருக்கு இத்தொடர் சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். தன்னைப் பற்றிய தகவலை எவர், எப்போது, எதற்காகப் பயன்படுத்தலாம் என்பதை அடிப்படையில் தனிமனிதரே தீர்மானிக்கவேண்டும் என்பது அதன் பொருள். தானியங்கித் தரவு முறையிலே அற்பமான தகவலென ஒன்றில்லை எனவும் நீதிமன்றம் கருதியது. தனித்து நோக்கின் பயனற்றதாகத் தோன்றும் விபரம், வேறொன்றோடு சேரும்போது புதிய பொருள் பெறுகின்றது. மேலும், தன்னைப்பற்றி எவர் எதை அறிவார் என்பதை அறியாத ஒருவர், கண்ணிற் படாதவாறு ஒதுங்கி வாழவே முற்படுவார். கூட்டத்துக்குச் செல்லத் தயங்குவார். இதனாற் கெடுவது அவர் மாத்திரமன்று, குடியாட்சியுமே என்ற வாதமும் அங்கு முன்வைக்கப்பட்டது. மடியிற் கனமில்லாதவருக்கும் வழியிற் பயமுண்டு என்பதற்கு இதனைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பதரிது.

அந்த இடைக்காலத் தடைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடைப்பட்ட யூலை மாதத்திலேதான் கொழும்பு எரிந்தது. தமிழரின் இல்லங்களையும் கடைகளையும் தேடிவந்தோரிற் பலரின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்பது அந்நாட்களை ஆராய்ந்தோர் பலரும் பதிந்துள்ள செய்தி. வாக்காளர் இடாப்பு இரகசிய ஆவணமன்று. வாக்குரிமையை உறுதிசெய்வதற்கென்றே அது தொகுக்கப்படுகின்றது. பெயரைப் படித்த மாத்திரத்தில் இனம் புலப்படும் நாட்டிலே, வாக்களிக்கும் தகுதிக்குச் சான்றாக எழுதப்பட்ட பெயரே வாசற்கதவைக் காட்டும் சுட்டுவிரலாயிற்று. கணனியேதும் அதற்குத் தேவைப்படவில்லை.

மேற்கு ஜேர்மனியில் ஒத்திவைக்கப்பட்ட குடிசன மதிப்பு, திருத்திய சட்டத்தின்படி 1987 மே 25இல் நடந்தது. எதிர்ப்பு அப்போதும் ஓயவில்லை. வினாக்கொத்தின் மூலையிலிருந்த இலக்கத்தைக் கத்தரித்துவிட்டுக் கையளித்தோர் பலர். டோட்முண்ட் நகரின் உதைபந்தாட்ட அரங்கிலே, மதிப்பைப் பகிஷ்கரிக்குமாறு கூறும் வாசகத்தை எவரோ புல்தரையிற் பெரிய எழுத்துகளில் வரைந்துவிட்டனர். அழிக்க இயலாமற்போகவே, நிருவாகத்தினர் மேலும் சில சொற்களைச் சேர்த்து அதன் கருத்தை எதிர்மறையாக்கினராம். இதற்கிடையில் 1984 நவம்பரிலே ஹம்பேர்க் நகர இளைஞர் இருவர், தபாற்றிணைக்களம் நடத்திய திரைவழித் தகவற் சேவையின் பலவீனத்தைக் காட்டுவதற்காக, ஒரே இரவில் வங்கியொன்றின் கணக்கில் 135,000 மார்க் செலவு விழச்செய்து, பின்னர் அதனைத் தாமே பகிரங்கப்படுத்தினர். அரசு அஞ்சத்தக்கது, ஆனால் திணைக்களத்தின் கணனி நம்பத்தக்கது என்றிருந்த பொதுக்கருத்து அத்தோடு ஆட்டங்கண்டது.

அதன்பின் பட்டியலைத் தொகுப்போர் மாறினர். குடிசன மதிப்பில் வினாக்கொத்தோடு வந்தவர் அரசின் அலுவலர். வருகை பத்தாண்டுகளுக்கு ஒருமுறை. இணையத்திலே வினவுவோர் வணிக நிறுவனத்தார். அவர்கள் வினவுவதுமில்லை, நடத்தையையே குறித்துக்கொள்கின்றனர். கணனி விளையாட்டை எடுத்துக்கொண்டால், ஆடுவோர் எக்கட்டத்தில் தோற்று விலகுகின்றனர் என்பதை அறிந்தாலன்றி அக்கட்டத்தைச் செம்மைசெய்தல் ஆக்குவோருக்கு அரிது. அத்தேவையைக் குறைகூற முடியாது. ஆயினும் அதே பதிவு, ஒருவர் எந்நேரம் உறங்குகிறார், எந்நேரம் தனித்திருக்கிறார், எப்போது பணத்தைக் கட்டுப்பாடின்றிச் செலவிடுகிறார் என்பனவற்றையும் சொல்லிவிடும். அற்பமான தகவலென ஒன்றில்லை என்ற கால்ஸ்ரூஹே நீதிபதிகளின் கூற்றுக்கு இதனைவிடச் சிறந்த உதாரணம் அவர்கள் காலத்தில் இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கைப் பாராளுமன்றமும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டத்தை அறியாத விளையாட்டுப் பிரியர்கள்தாம் இவ்விடயத்தில் ஒருமுறை மிக விரைவான வெற்றியை ஈட்டினர். இலட்சக்கணக்கானோர் ஒருங்கே ஆடும் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் என்னும் விளையாட்டை ஆக்கிய அமெரிக்க நிறுவனமான பிளிசாட், தனது கருத்துக்களங்களில் எழுதுவோர் இனிமேல் உண்மைப் பெயரிலேயே எழுதவேண்டுமென 2010 யூலை 6இல் அறிவித்தது. வசைமொழியைக் குறைப்பதே நோக்கம் எனப்பட்டது. நோக்கம் நன்றேயாயினும், பெயர் தெரிந்தால் வீடு தெரியும் என்பதை ஆடுவோர் உடனே உணர்ந்தனர். பெண்கள் தம்மைத் தொடர்ந்து தொல்லைப்படுத்துவோரைப் பற்றி எழுதினர். வேலை தேடுவோர் தொழில்தருநரைப் பற்றி எழுதினர். இதில் அஞ்சுவதற்கு ஏதுமில்லையென மெய்ப்பிக்க எண்ணி நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் தமது உண்மைப் பெயரைத் தாமே வெளியிட்டார். குறுகிய நேரத்துள் அவரது முகவரியும் தொலைபேசி இலக்கமும் தேடியெடுக்கப்பட்டுப் பகிரங்கமாயின. மூன்றாம் நாள், யூலை 9இல், நிறுவனத் தலைவர் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். ஆடுவோர் தாம் சூடிய புனைபெயர்களிலேயே தொடர்ந்து பொருதனர்.