மிதவை விமானங்களும் பலத்த காற்றும்

சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு நீண்ட மிதவைகளைக் கொண்டு, நீரிலிருந்தே எழுந்து நீரிலேயே இறங்கும் சிறு விமானம் மிதவை விமானம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, அமெரிக்காவின் அலாஸ்கா, மாலத்தீவு ஆகிய இடங்களில் பல ஊர்களுக்கும் தீவுகளுக்கும் இது அன்றாடப் போக்குவரத்து. பலத்த காற்றே இதன் முதல் எதிரி என்று சொல்லப்படுவது பாதி உண்மை. நேர் எதிரே சீராக வீசும் காற்று, குறைந்த ஓட்டத்திலேயே விமானம் எழும்ப உதவும். கேடு செய்வது வீச்சும் தணிவுமாக மாறிமாறி அடிக்கும் காற்று. நீரில் மிதக்கும் விமானத்துக்குப் பிரேக் கிடையாது. காற்று அதன் வாலைத் தள்ளி மூக்கைத் தன் பக்கம் திருப்பிவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்காகும். பக்கக்காற்றில் ஓர் இறக்கை தூக்கப்பட்டு மற்றதன் நுனி நீரில் பட்டால் விமானம் கவிழும். மேலே எழும்பிய பிறகோ, குன்றுகளைத் தாண்டி வரும் காற்று மறைவுப் பக்கத்தில் சுழன்று கீழ்நோக்கி அழுத்துகிறது. மிதவை விமானங்கள் அலையில்லாத நீரைத் தேடி ஒதுங்கும் குடாக்கள் பல அத்தகைய குன்றுகளின் அடியில்தான் இருக்கின்றன.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் சட்டர்னா தீவிலுள்ள லயல் துறைமுகத்தில் 2009 நவம்பர் 29 அன்று நடந்த விபத்து இதற்குத் தெளிவான சான்று. எட்டுப் பேருடன் கிளம்பிய டி ஹாவிலண்ட் பீவர், குழம்பிய காற்றில் தாழ்வாகத் திரும்பும்போது தூக்குவிசையை இழந்து கடலில் விழுந்தது. சாய்ந்து திரும்பும் விமானத்துக்கு உயரம் குறையாமல் பறக்க அதிக வேகம் தேவை. அறுபது பாகை சாய்வில் அந்தத் தேவை ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடும். தூக்குவிசை குறைவதை முன்கூட்டிச் சொல்லும் எச்சரிக்கைக் கருவியும் அதில் வேலை செய்யவில்லை. விமானியும் ஒரு பயணியும் வெளியேறினர். மற்ற ஆறு பேரும் மூழ்கி இறந்தார்கள். மோதலில் நான்கு கதவுகளில் இரண்டு இறுகிக்கொண்டன. உயிர்காப்பு உடையை யாரும் அணிந்திருக்கவில்லை. விமானத்தை வீழ்த்தியதில் காற்றுக்குப் பங்குண்டு. அந்த ஆறு உயிர்களையும் காற்றின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது.

காற்றுக்கு ஒரு வேக உச்சவரம்பு விதித்தால் போதாதா என்று கேட்கலாம். வரம்பு வேண்டியதுதான். ஆனால் தொலைவிலுள்ள வானிலை நிலையம் காட்டும் எண், குன்றின் மறைவில் சுழலும் காற்றைக் காட்டாது. காற்றுக்குத் தொடர்பே இல்லாத பெரும் விபத்துகளும் உண்டு என்பது மற்றொரு மறுப்பு. 2022 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் மியூட்டினி விரிகுடாவில் பத்துப் பேரைக் கொன்ற விபத்துக்கு வால்பகுதிக் கருவி கழன்றதே காரணம். காரணம் காற்றோ கருவியோ, மோதலில் உயிர் தப்புகிறவருக்கு அடுத்த ஆபத்து நீர்தான். கனடாவில் நீரில் விழுந்து மூழ்கிய விமானங்களில் இறந்தோரில் சுமார் 70 சதவீதத்தினர் நீரில் மூழ்கியே இறந்தனர் என்று அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் லயல் துறைமுக விசாரணையின்போது சுட்டிக்காட்டியது. உயிர்காப்பு உடையே உள்ளே சிக்கவைக்கும் என்ற அச்சம், அதைக் கதவுக்கு உள்ளேயே ஊதிவிட்டால் மட்டும் உண்மையாகும். வெளியே வந்தபின் ஊதும் உடைக்கு அது பொருந்தாது. வாரியம் அந்த உடையையும் எளிதில் திறக்கும் வெளியேறு வழிகளையும் சேர்த்தே பரிந்துரைத்தது. 2019இல் கனடா கொண்டுவந்த விதிகள் உடை அணிவதையும், மூழ்கும் விமானத்திலிருந்து வெளியேறும் பயிற்சியை விமானிகள் பெறுவதையும் கட்டாயமாக்கின. கதவுகளை அவை தொடவில்லை.