பெட்டிக்குள் போன அடி

'மிஷின் வந்துதான் நம்ம பாட்டைக் கெடுத்துச்சு' என்று தேனிப் பக்கத்து டீக்கடைகளில் பேச்சு வரும். இளையராஜா மண், ஏ.ஆர். ரஹ்மான் மின்சாரம் என்று அதோடு முடித்துவிடுவார்கள். இந்த எதிர்வைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் பாட்டு எப்போது 'தூய்மையாக' இருந்தது? பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் நாட்டுப்புற மெட்டில் அரசியலை ஏற்றி, கம்யூனிஸ்ட் மேடைகளில் மைக் வைத்துப் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைமேல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே அந்தக் குரல் ஒலித்தது. தம்பி இளையராஜாவுக்கு அந்த மேடையே பள்ளிக்கூடம். 'அன்னக்கிளி'யில் (1976) அவர் கொண்டுவந்த கிராமம், சென்னைக் கலைஞர்கள் இசைக்குறிப்பைப் பார்த்து வாசித்த கிராமம். 'புன்னகை மன்னன்' (1986) இசைக்கு அவரே கணினியையும் பயன்படுத்தினார். ஆக, மண்ணுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே கோடு கிழிப்பது லேசில்லை.

அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் 'கிழக்குச் சீமையிலே' (1993), பெண்சிசுக்கொலையைப் பேசிய 'கருத்தம்மா' (1994) இரண்டுக்கும் இசை ரஹ்மான். அவருடைய வேலைமுறையின் மையத்தில் இருந்தது சாம்ப்ளர். 1979இல் ஆஸ்திரேலியாவில் ஃபேர்லைட் என்ற பெயரில் இந்த வகைக் கருவி வந்தது. ஒரு அடியை, ஒரு மூச்சைப் பதிந்து எண்களாக வைத்துக்கொள்ளும். பிறகு கீபோர்டின் எந்தக் கட்டையிலும் ஏற்றலாம், இறக்கலாம், நீட்டலாம், திருப்பிப் போடலாம். கலைஞர்களைத் தனித்தனியே வாசிக்கவிட்டுப் பதிந்து, வேண்டிய துண்டை எடுத்துக் கோப்பார் ரஹ்மான். இங்கே ஸ்வரத்தோடு ஒலியின் நிறமும் இசையமைப்பாகிறது. இதைப் படைப்பில்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது.

பிரதியெடுத்தல் கலையின் ஒளிவட்டத்தை அழிக்கிறது என்றார் வால்டர் பெஞ்சமின். ஒளிவட்டம் போனால் போகட்டும். கூலி எங்கே போச்சு? கால்ஷீட் கணக்கில் வாசித்தவர் பத்துப் பாட்டுக்குப் பத்துத் தடவை போவார். அடி பெட்டிக்குள் போனபின் ஒரு தடவை போதும். பறையடித்தவருக்கு ஊர் சாவுக்குச் சாவு கூலி கொடுத்தது, கூடவே இழிவையும் கொடுத்தது. பெட்டிக்குள் இருக்கும் அடிக்கு இழிவு இல்லை. அடித்தவரும் இல்லை. இது விடுதலையும்தான், அபகரிப்பும்தான்.

'கருத்தம்மா' வந்த 1994இல்தான் நிகழ்த்துவோர் உரிமை பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்தது. ஆனால் சினிமாவில் சேர்க்க ஒருமுறை சம்மதித்தால் அந்த உரிமை அத்தோடு சரி. 2012 திருத்தம் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்றது. அதே திருத்தம், வழக்கமாகப் பெயர்ப்பட்டியலில் வராத, தற்செயலாக இடம்பெறும் ஆளை ராயல்டி பெறத்தக்க கலைஞராகவே கணக்கில் எடுக்காது. அரைநொடி அடிக்குச் சொந்தக்காரர் எந்தப் பட்டியலில் வருவார்?

மிஷினைத் திட்டுவது எளிது. பெயரும் பங்கும் யாருக்கு என்று கேட்பதுதான் அரசியல். அந்தக் கேள்வி நம் பக்கமும் திரும்பும். டேப்ரிக்கார்டரோடு ஊருக்குப் போய் ஒப்பாரி பதிந்து தொகுப்புப் போட்டவர்கள் நாம். அட்டையில் தொகுத்தவர் பெயர் இருக்கிறது. பாடின கிழவி பேரு எங்க?