சென்னை நேரமும் கணினி நேரமும்

சென்னை நேரம் என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்வே பின்பற்றிய பொது நேரமாகும். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைத்த வானாய்வகத்தில், விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்தினர். அந்த நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. தந்திக் கம்பி வழியே பிற ஊர்களுக்கும் சென்றது. ஊருக்கொரு நேரம் வழங்கிய காலத்தில், ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே ஓடும் வண்டிகளுக்குப் பொது நேரம் இன்றியமையாததாக இருந்தது.

1906 சனவரி 1 முதல், 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. இது சென்னை நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முந்தியது. காரைக்குடி இன்னும் மேற்கே உள்ளதால், அங்குச் சராசரியாக 12.15 மணியளவில்தான் சூரியன் உச்சிக்கு வருகிறது.

சிறு கணினிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. அவற்றின் நேரக் கடிகாரத்தில் பெரும்பாலும் நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்சு படிகம் இருக்கும். அதில் இலட்சத்திற்கு இரண்டு பங்கு பிழை இருந்தாலும் நாளுக்கு 1.7 நொடி விலகும். கடிகார மின்கலம் இல்லாவிட்டால், மின்தடையின்போது நேரமே தவறிவிடும், பதிவுகள் முன்பின்னாகும். எனவே 1985இல் டேவிட் மில்சு வெளியிட்ட பிணைய நேர நெறிமுறையின்படி, கணினி நம்பகமான வழங்கியிடம் நேரம் கேட்கிறது. செய்தி போய்வரும் தாமதத்தையும் கணக்கிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இந்தியச் சீர்நேரத்தைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் அணுக்கடிகாரங்களால் பேணுகிறது.

நொடியை நுண்ணியதாகப் பகுப்பது வேறு, சரியான நேரம் காட்டுவது வேறு. இரண்டாவதற்கு அன்றும் இன்றும் வெளியிலிருந்து ஒரு சான்று தேவை.