கணினிக்கு ஞாபகம் வந்த கதை

நேற்று நாம் சொன்னதை இன்றும் ஞாபகம் வைத்துக்கொண்டு பேசும் ஏ.ஐ. உதவியாளர்கள் இப்போது சாதாரணமாகிவிட்டன. இது புத்தம்புதிய விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால், இதைப் பற்றிய சண்டை சாட்ஜிபிடி வருவதற்குப் பல வருடங்கள் முன்பே நடந்திருக்கிறது!

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஜோசப் வைசன்பாம், 1966-ல் 'எலைசா' என்ற நிரலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மனநல மருத்துவர் பேசுவதுபோல, நாம் தட்டச்சு செய்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் நிரல் அது. அதற்குக் குட்டியாக ஒரு ஞாபகசக்தியும் உண்டு. 'என்னுடைய' என்று நாம் சொல்லும் சில விஷயங்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும். பதில் சொல்ல எதுவும் சிக்காதபோது, "முன்பு உங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னீர்களே" என்கிற பாணியில் அதை எடுத்துவிடும். அவ்வளவுதான்.

அதற்கே மக்கள் மயங்கிவிட்டார்கள். வைசன்பாமின் செயலாளர், அவர் அந்த நிரலை எழுதியதை மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தவர். அவரே எலைசாவோடு நாலு வார்த்தை பேசியதும், "கொஞ்சம் அறையை விட்டு வெளியே போகிறீர்களா?" என்று வைசன்பாமைக் கேட்டாராம். இன்னொரு முறை, எல்லோருடைய உரையாடல்களையும் சேமித்துப் பிறகு பார்க்கலாமே என்று வைசன்பாம் சொல்ல, "அந்தரங்கத்தை வேவு பார்ப்பதா?" என்று ஆட்கள் கொதித்துவிட்டார்கள். இதையெல்லாம் 1976-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

சரி, இன்றைய கதைக்கு வருவோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது, ஒவ்வொரு புது உரையாடலும் அதற்கு முதல் சந்திப்புதான். அதற்குள் இருக்கும் மொழி மாதிரி எதையும் தானாக ஞாபகம் வைப்பதில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் அதுவரை பேசியது முழுக்க மறுபடி அதனிடம் கொடுக்கப்படுகிறது. அப்படிக் கொடுப்பதற்கும் ஓர் அளவு உண்டு. 2020-ல் வந்த ஜிபிடி-3க்கு அந்த அளவு 2048 டோக்கன்கள், அதாவது சில பக்கங்கள்.

இதற்கு ஒரு வழியை 2023-ல் பெர்க்லி ஆய்வாளர்கள் 'மெம்ஜிபிடி' என்ற பெயரில் காட்டினார்கள். கணினியில் ராம் போதாதபோது வட்டில் வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறோம் அல்லவா, அதே யோசனைதான். 2024 பிப்ரவரியில் ஓபன்ஏஐ, சாட்ஜிபிடிக்கு ஞாபக வசதியைச் சோதனையாகக் கொடுத்தது. நம்மைப் பற்றிய குறிப்புகளை அது தனியாக எழுதி வைத்துக்கொள்ளும். 2025 ஏப்ரலில், பழைய உரையாடல்களையும் புரட்டிப் பார்க்கும் வசதி வந்தது.

வசதிதான், மறுக்கவில்லை. "நான் மாணவன், எளிய தமிழில் விளக்கு" என்று தினமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 2024-ல் வந்தபோதே அதில் ஒரு நுணுக்கம் இருந்தது. உரையாடலை அழித்தால், அதிலிருந்து எடுத்த குறிப்பு அழியாது. அதைத் தனியாகப் போய் அழிக்க வேண்டும்.

அன்று, சேமிக்கலாமா என்று கேட்டதற்கே எம்.ஐ.டி.யில் கோபம் வந்தது. இன்று நம் கவலை, வீட்டுப் பிரச்சினை, உடம்புக்கு வந்தது எல்லாவற்றையும் நாமே சொல்லிச் சேமிக்கக் கொடுக்கிறோம். கோபப்பட வேண்டாம் நண்பர்களே. அந்தக் குறிப்புப் பட்டியலை ஒருமுறை திறந்து படித்தாவது பாருங்கள். அந்தச் செயலாளர் வைசன்பாமையே வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசினார். நாம் அறையில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்ப்பதில்லையே!