கற்பித்தல் சாராப் பணி

இந்தியப் பள்ளி ஆசிரியர்கள் வகுப்பறைக்கு வெளியே செய்ய வேண்டியிருக்கும் அரசு வேலைகளைக் குறிக்கும் சொல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 27, ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் விலக்கு உண்டு. தேர்தல் பணியை விடுமுறை நாள்களிலும் பாடமில்லா நாள்களிலும் மட்டுமே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது.

அன்றாடச் சுமையோ இந்தப் பட்டியலுக்கு வெளியே வளர்கிறது. நலத்திட்டப் பொருள்களை வழங்குவது, பதிவேடுகளை நிரப்புவது, தமிழ்நாட்டில் ‘எமிஸ்’ என்னும் கல்வித் தகவல் தளத்தில் மாணவர் விவரங்களை ஏற்றுவது எனப் பலவும் ஆசிரியர் தலையிலேயே விழுகின்றன. ஓராசிரியர் பள்ளியில் இதன் விலை மிக அதிகம்: அந்த ஒரே ஆசிரியர் இத்தகைய பணிக்குப் போனால் அன்று ஐந்து வகுப்புகளுக்கும் பாடம் இல்லை.

சட்டத்தின் அட்டவணை வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேர வேலையை வகுக்கிறது. பாடத் தயாரிப்பும் அதில் அடங்கும். வேலைப்பளுவால் முதலில் பறிபோவது அந்தத் தயாரிப்பு நேரமே.