எண்ணெய் வயலும் இல்லறமும்

சென்னையிலிருந்து பம்பாய்க்குச் செல்லும் இருப்புப்பாதையில், அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே அமைந்தது புத்தூர். 1860-களில் இடப்பட்ட இப்பாதை 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்துப் பாதையோடு இணைந்தது. முறிந்த எலும்பைக் கூட்டும் வைத்தியத்தால் ‘புத்தூர்க் கட்டு’ என்னும் பெயர் தென்னாடெங்கும் பரவியிருத்தலை நேயர் அறிவர். நாம் ஈண்டுக் கருதப் புகுவது அவ்வூரின் வேறொரு நிலை. 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதன் பங்காயிற்று. பின்னர்ப் படாஸ்கர் அளித்த முடிவின்படி 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது; புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022-இல் அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் அது சேர்ந்தது. ஆகவே இவ்வூர்த் தமிழர், வீட்டு வாயிற்படியைத் தாண்டாமலேயே வெளிமாநிலத் தமிழர் ஆனவர்கள்.

வாயிற்படியைத் தாண்டியவர்க்கோ இருப்புப்பாதை மூன்று திசைகளைக் காட்டியது. தெற்கே சென்று சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் பர்மா. ரேணிகுண்டாவில் வண்டி மாறிக் கூடூர் வழியாக வடக்கே போனால் கல்கத்தா, அதற்கப்பால் அஸ்ஸாம். மேற்கே போனால் பம்பாய். அதனையும் தாண்டினால் அரபிக்கடலும் பாரசீக வளைகுடாவும். இம்மூன்று வழிகளின் கோடியிலும் எண்ணெய் ஊறியது. நெல் விளையும் இடத்தில் ஊர் அமைவது இயல்பு. கச்சா எண்ணெய் கிடைக்கும் இடமோ பெரும்பாலும் காடாகவோ பாலையாகவோ கடலாகவோ இருக்கிறது. காவிரிப் படுகையிலும் கோதாவரி முகத்துவாரத்திலும் வயலுக்கடியிலேயே எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்தது உண்மைதான்; ஆயினும் அது பிற்காலத்துச் செய்தி.

இத்தகைய இடத்தில் வேலைசெய்பவனுடைய இல்லறத்தை என்செய்வது? வீட்டையே எண்ணெய் வயலுக்குக் கொண்டு செல்லலாம். ஆளைக் குறித்த நாளில் வீட்டுக்கு அனுப்பி, மீண்டும் வரவழைத்துக் கொண்டிருக்கலாம். இரண்டும் இன்றி, ஒப்பந்தம் முடியும்வரை பிரித்தே வைத்திருக்கலாம். எண்ணெய்த் தொழிலின் வரலாறு இம்மூன்று ஏற்பாடுகளையும் கண்டிருக்கிறது. பெற்ற ஊதியத்தைக் காட்டிலும் இவ்வேற்பாடுகளே குடும்பத்தின் போக்கை நிர்ணயித்தன என்பது நம் கருத்து.

பொருள்வயிற் பிரிவு தமிழர்க்குப் புதிதன்று. சங்கப் புலவர் அதனைப் பாலைத் திணையில் வைத்துப் பாடினர். கார்காலத்தில் மீள்வேன் என்று பருவம் குறித்துச் செல்கிறான் தலைவன். வள்ளுவர் படைத்த தலைவி, அவன் சென்ற நாள்களைத் தொட்டுத் தொட்டு எண்ணி விரல் தேய்ந்தவளாக நிற்கிறாள். பருவம் குறித்துச் சென்றான் என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். திரும்பும் நாள் தெரிந்த பிரிவு வேறு. தெரியாத பிரிவு வேறு.

பர்மாவுக்குப் போனவர்களின் பிரிவு பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஐராவதி ஆற்றங்கரையில் உள்ள யெனாங்யாங் என்னும் ஊரின் பெயருக்கே நாற்றநீர் ஓடை என்பது பொருள். அங்கே துவின்சா எனப்பட்ட இருபத்து நான்கு குடும்பத்தார் பரம்பரை உரிமையோடு கையால் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்து வந்தனர். 1886-இல் தோன்றிய பர்மா எண்ணெய்க் கம்பெனி இயந்திரத் துளைப்பைப் புகுத்தியது. எடுத்த எண்ணெய் ரங்கூனை அடுத்த சிரியத்தில் சுத்திகரிக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஆலையிலும் பட்டறைகளிலும் எழுத்தர் மேசைகளிலும் இந்தியர் மிகுதி. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் வாழ்ந்தனர். அவருள் பெண்கள் மிகக் குறைவு. மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான். அக்கடன் தீருமட்டும் ஊர் திரும்புதல் எளிதன்று. வீட்டுக்கு வந்தது மணியார்டர். ஆள் வருவது எப்போது என்பதை மேஸ்திரியின் கணக்குப் புத்தகமே அறியும்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினர். 1942 ஏப்ரலில் பிரிட்டிஷார் பின்வாங்கும்போது, எதிரி கையில் சிக்கலாகாது என்று யெனாங்யாங் எண்ணெய் வயலைத் தாமே தகர்த்தனர். ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு ஓடி வந்தனர். பலர் மலைவழியே நடந்தனர். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். யுத்தம் முடிந்தபின் மறுபடியும் சென்றவர்களுக்கும் அங்கே நிலைபேறு வாய்க்கவில்லை. 1963-இல் எண்ணெய்த் தொழில் நாட்டுடைமையாயிற்று. அடுத்த ஆண்டு முதல் இந்தியக் குடும்பங்கள் பெருந்தொகையாகத் தாயகம் வந்திறங்கின.

அஸ்ஸாமின் கதை வேறு. டிக்பாயில் 1889-இல் எண்ணெய்க் கிணறு துளைக்கத் தொடங்கினர். 1901-இல் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. சுற்றிலும் அடர்ந்த காடு. ஆதலால் கம்பெனியே ஊரைக் கட்டவேண்டியதாயிற்று. குன்றுகளின்மேல் துரைமாருக்குப் பங்களாக்கள். கீழே தொழிலாளருக்கு வரிசை வீடுகள். இவ்வேற்றத் தாழ்வு எளிதில் மறையக்கூடியதாக இல்லை. 1939-இல் நிகழ்ந்த பெரிய வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். 1953-இல் நாகர்காட்டியாவில் எண்ணெய் கண்டனர். 1959-இல் ஆயில் இந்தியா நிறுவனம் அமைந்தது. துலியாஜானில் வீடு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றோடு கூடிய குடியிருப்பு வளர்ந்தது. மனைவி மக்களோடு வாழலாம். மாலையில் வீடு திரும்பலாம். தென்னாட்டிலிருந்து வந்த குடும்பத்துக்கு அரிசிச் சோற்றுக்குக் குறைவில்லை. கடைத்தெருவில் கிடைப்பது கடுகெண்ணெய். நாட்டுக்கெல்லாம் எண்ணெய் எடுத்துத் தரும் இடத்தில் நல்லெண்ணெய்க்கு ஏங்கும் நிலை!

ஆயினும் வீட்டைப் பெயர்த்துச் சென்றவன் முழு வீட்டையும் பெயர்த்துச் செல்வதில்லை. முதிய தாய் தந்தையர் ஊரிலேயே தங்கிவிடுவர். 1962-இல் பிரம்மபுத்திராவின்மேல் சராய்காட் பாலம் திறக்கும்வரை, ஆமின்காவில் வண்டியை விட்டிறங்கிப் படகில் ஆற்றைக் கடந்து, பாண்டுவில் மீண்டும் வண்டியேற வேண்டும். பாலம் வந்த பின்னும் மேல் அஸ்ஸாமிலிருந்து தென்னாடு சேரப் பல நாள் பயணம். தந்தைக்கு உடல்நலம் குன்றியது என்று தந்தி வந்தால், மகன் வந்து சேர்வது பெரும்பாலும் காரியங்களுக்கே. எண்ணெய் வயலின் அருகே இல்லறம் நடத்தியவர்கள் கொடுத்த விலை இதுதான்.

1956-இல் எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம் டேராடூனில் தோன்றியதும் தேடுதல் விரைவு பெற்றது. 1958-இல் காம்பேயிலும், 1960-இல் அங்கலேஸ்வரத்திலும் எண்ணெய் கண்டனர். நிலவியல் குழுவினர் மழை நீங்கிய மாதங்களில் கூடாரம் அடித்து அலைவர். மழைக்காலத்தில் அலுவலகம் திரும்புவர். கார்காலத்தில் மீளும் சங்கத் தலைவனின் கணக்கு இங்கே அரசாங்க உத்தரவாக வந்திருப்பதைக் கண்டு நாம் வியக்கலாம்.

உண்மையான மாறுதல் கடலில் நேர்ந்தது. பம்பாய்க்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், ஜப்பானில் கட்டிய ‘சாகர் சாம்ராட்’ என்னும் துளைக்கலம் 1974 பிப்ரவரியில் எண்ணெய் கண்டது. 1976 மே மாதத்தில் உற்பத்தி தொடங்கியது. பம்பாய் ஹை எனப்பட்ட அவ்விடத்தில் குடியிருப்பு கட்ட நிலம் ஏது? இரும்புக் கால்களின்மேல் நிற்கும் தளத்தில் குடும்பத்துக்கு இடமில்லை. ஆகவே நாளைப் பங்கிட்டனர்: பதினான்கு நாள் கடலில், பதினான்கு நாள் கரையில். கடலில் இருக்கும் நாளில் பன்னிரண்டு மணி நேரம் வேலை. போக்குவரத்துக்கு ஹெலிகாப்டர்.

ஆண்டுக்கு 182 நாள் வீட்டில் இருக்கலாம் என்னும் கணக்கு கவர்ச்சியானது. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டு, இரவு எட்டு மணிக்குத் திரும்பும் நகரத்து அலுவலருக்கு இவ்வளவு பகற்பொழுது பிள்ளைகளோடு கிடைப்பதில்லை. இம்முறையால் இன்னொன்றும் நிகழ்ந்தது. வேலை கடலில் என்று ஆனபின், வீடு பம்பாயிலேதான் இருக்கவேண்டும் என்பதில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை வண்டியேறக் கூடியவன் புத்தூரிலேயே குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம். முதிய பெற்றோரையும் பிரிய வேண்டியதில்லை. ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பயணம் போக ஒரு நாளையும் வர ஒரு நாளையும் விழுங்கும். பதினான்கு பன்னிரண்டாகும். அதிலும் முதல் இரண்டு நாள் உறக்கத்தில் கழியும். கடைசி நாள் பெட்டி கட்டுவதில் கழியும்.

இதனினும் நுட்பமான ஒரு தொல்லை உண்டு. கணவன் கடலில் இருக்கும் பதினான்கு நாளும் பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்து, உறவினர் திருமணம், கூரை ஒழுகல் ஆகிய யாவற்றையும் மனைவியே முடிவு செய்கிறாள். பதினைந்தாம் நாள் வருபவன், இவற்றை ஏன் என்னைக் கேட்கவில்லை என்கிறான். கேட்டுக்கொண்டு நின்றால் கூரை காத்திருக்குமா? ஒரே வீட்டில் மாதம் இருமுறை ஆட்சி மாறுவது போன்ற நிலை இது. இருவரும் பேசி இன்னின்ன காரியம் இன்னார் பொறுப்பு என்று வரையறுத்துக்கொண்ட வீடுகளே அமைதியாக நடக்கும் என்று நாம் கருதுகிறோம். பொங்கலோ தீபாவளியோ கரைநாளில் விழுவது முறையட்டவணையின் தயவு. சிலர் பண்டிகையையே நாள் மாற்றிக் கொண்டாடுவர். அதில் குற்றம் ஒன்றுமில்லை.

திரும்பும் நாள் தெரிந்தது என்பதனால் அச்சம் நீங்கிவிடுவதில்லை. 2005 ஜூலை 26-இல் மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மறுநாள், காயமுற்ற ஒருவரைத் தளத்துக்கு மாற்ற நெருங்கிய துணைக்கப்பல் பம்பாய் ஹை வடக்குத் தளத்தின் வாயுக் குழாயில் மோதியது. தீ மூண்டு தளம் அழிந்தது; 22 பேர் மாண்டனர்; முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் காப்பாற்றப்பட்டனர். வெள்ளத்தில் தத்தளித்த அந்நகரத்திலிருந்து ஒரு செய்தி பெறுவதற்குக் குடும்பங்கள் பட்ட பாட்டை நேயர் ஊகித்துக் கொள்ளலாம். 2021 மே மாதத்தில் தவுக்தே புயலில் ‘பி-305’ என்னும் தங்குமிடப் படகு மூழ்கியபோது எழுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அப்படகில் இருந்தவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர். பங்கிட்ட நாட்கணக்கு நிலையான ஊழியருக்கு உறுதிப்பட்டது போல ஒப்பந்த ஆளுக்கு உறுதிப்படவில்லை.

இறுதியாக வளைகுடா. 1908-இல் பாரசீகத்தில் எண்ணெய் கண்ட நாள் முதலே இந்தியக் கைவினைஞரும் எழுத்தரும் அங்கே சென்றனர். 1920-இல் அபாதான் ஆலையில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் செய்தனர். 1932-இல் பஹ்ரைனிலும், 1938-இல் குவைத்திலும் எண்ணெய் பொங்கியது. அந்நாளில் அப்பகுதியில் நம் ரூபாயே செலாவணி. 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அச்சிட்டது. 1961-இல் குவைத் தன் தினாரை வெளியிட்டது. 1973-க்குப்பின் எண்ணெய் விலை ஏறவே, கிணற்று வேலையைக் காட்டிலும் அச்செல்வத்தால் எழுந்த வேலைகள் பல மடங்காயின. கட்டடம், வண்டியோட்டல், வீட்டுப் பணி ஆகியவற்றுக்குக் கடப்பை, சித்தூர் மாவட்டங்களிலிருந்து மக்கள் குவைத்தை நோக்கிச் சென்றனர். பெரும்பாலும் இரண்டாண்டு ஒப்பந்தம். அதன் முடிவில் விடுப்பு. கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் இருந்தால் அவ்விரண்டாண்டும் உறுதியில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கவர்ந்தபோது, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் வரையில் ஜோர்டான் நாட்டு அம்மான் வழியாக விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். பலர் உடுத்த துணியோடு வந்தனர்.

இங்கே சென்றவர் ஆடவர் மட்டும் அல்லர். வீட்டுப் பணிக்குப் பெண்களும் சென்றனர், இன்றும் செல்கின்றனர். முப்பது வயது நிரம்பாத பெண்ணை இவ்வேலைக்கு அனுப்பலாகாது என்று அரசாங்கம் விதித்திருக்கிறது. முப்பது நிரம்பியவளுக்குப் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் இருப்பர். பொருள்வயிற் பிரிந்தவள் தாய். வீட்டில் நாள் எண்ணுபவர் கணவனும் பிள்ளைகளும் பாட்டியும். சங்கப் புலவர் காணாத பாலை இது.

புத்தூர் போன்ற ஊரில் இதனோடு மொழியும் பின்னிக் கிடக்கிறது. பிள்ளை பள்ளியில் கற்பது தெலுங்கு; வீட்டில் பேசுவது தமிழ். தமிழில் வந்த கடிதத்தைப் பிள்ளையால் படிக்க இயலாது. மூத்தோர் எவரேனும் படித்துக் காட்ட வேண்டும். பிறர் முன்னிலையில் படிக்கப்படும் கடிதத்தில் தாய் எதைத்தான் எழுதுவாள்? 1970-களுக்குப்பின் ஒலிநாடா வந்தது. பேசிப் பதிந்த நாடாவை ஊருக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினர். பிறகு தெருமுனைத் தொலைபேசிக் கூண்டு. இப்போது முகம் பார்த்துப் பேசும் கைப்பேசி. எழுத்தறியாத பிள்ளைக்கும் தாயின் தமிழ் காதில் விழுகிறது. ஆனால் வீட்டு வேலை ஓய்ந்தபின்தான் அவள் பேசமுடியும். குவைத்தில் இரவு ஒன்பது மணி அடிக்கும்போது புத்தூரில் பதினொன்றரை. பிள்ளைகள் பெரும்பாலும் உறங்கிவிட்டிருப்பர்.